என் கணவரின் பந்தய மோட்டார் சைக்கிள்

நிந்தவூரில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த என் கணவர், இனி வேகப் பந்தயமே தொழில் என்று கடையை விற்றுப் பந்தய வண்டி ஒன்று வாங்கினார். கொழும்பில் முதல் ஓட்டத்திலேயே எஞ்சின் வெடித்தது. கையில் கட்டோடு வந்தவர் உள்ளே வரக் கூசி வாசலிலேயே நின்றார்.

"உசிரோட வந்தீங்களே, அல்ஹம்துலில்லாஹ். உள்ளுக்கு வாங்க," என்றேன்.

சோறு தின்னும்போது மெல்லக் கேட்டார்: "உன்ட வயல ஈடு வெச்சா புது எஞ்சின் போடலாம். அடுத்த முற வெல்லுவன்."

"தோத்தா புள்ளையள் என்னத்தத் தின்னுற?"

"ஓம், நீ செல்றது சரிதான்," என்றார்.

இப்போது வேறொருவரின் கடையில் வேலை செய்கிறார். வயலைத் தொடுவதில்லை. அவருடைய கூலியில் வீட்டுச் செலவு போக மிஞ்சுவதில் மட்டும் எஞ்சினுக்கு ஒவ்வொரு சாமானாக வாங்குகிறோம். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அவர் அவற்றை எஞ்சினில் பொருத்திப் பூட்டுகிறார். நான் பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுக்கிறேன்.