அக்காவின் பாதி

முப்பத்தாறு வருடம் மருத்துவமனை வார்டுகளில் ஓடியாடிய அந்த நர்சை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். அக்கா என்று கூப்பிட ஒருவன்தான் இருந்தான். அவளைவிட நான்கு வயது இளையவன். அப்பா தன் வயலை இரண்டாகப் பிரித்து மேல்பாதியை அவளுக்கும் கீழ்பாதியை அவனுக்கும் எழுதி வைத்திருந்தார். எழுத்தில்தான் இரண்டு. உழுததும் நட்டதும் எல்லாம் தம்பிதான். அறுவடை முடிந்ததும் அவள் பங்கு மூட்டையோடு குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து இறங்குவான். "உன் பாதியில விளைஞ்சது லேசா மருந்து வாடை அடிக்குது அக்கா" என்று முகத்தைச் சுளித்துக் காட்டுவான். அவள் தலையில் ஒரு குட்டு வைப்பாள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "டியூட்டி ஒத்து வரல" என்று ஒரே பதில். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தபோது அவளுக்கு யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. தன் பாதியை மேடாக்கி இரண்டு அறை கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு எதிரிலேயே கிடந்துவிடலாம் என்று முடிவெடுத்தாள். கீழ்வயலின் கடைசியில் அவன் வீடு. கேட்டதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. எந்தப் பக்கம் வாசல் வைப்பது, எங்கே கிணறு தோண்டுவது என்று அவனே குச்சியால் தரையில் கோடு போட்டான். ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"மழை ஜாஸ்தியானா மேல இருக்கற மத்தவங்க வயல் தண்ணி பூரா உன் பாதியோட அந்த மூலை வழியாத்தான் ஓடைக்குப் போகுது அக்கா. அந்த மூலைய மட்டும் தொடாம விட்டுடு."

அவளும் சரி என்றாள்.

வேலை ஆரம்பித்தது. பொக்லைன் வந்து, காலை வைத்தால் முழங்கால் வரை இழுக்கும் கருஞ்சேற்றை இரண்டடி ஆழத்துக்கு வழித்தெடுத்தது. அதன்மேல் உடைகல் பரப்பி, செம்மண்ணை ஓரடி ஓரடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டினார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சிஸ்டரின் கண்ணில் படாமல் ஒரு லாரியும் உள்ளே போக முடியாது. மண்ணில் கண்ணாடித் துண்டு கிடந்தால் லோடைத் திருப்பி அனுப்பிவிடுவாள். ஆபரேஷன் தியேட்டருக்கே இவ்வளவு சுத்தம் பார்ப்பார்களா என்று டிரைவர்கள் முணுமுணுத்தார்கள்.

அந்த மூலையில்தான் வினை வந்தது. இன்ஜினியர் போட்ட பிளானில் படுக்கையறை சரியாக அங்கே விழுந்தது. அங்கே ஜன்னல் வைத்தால் படுத்தபடியே தம்பி வீட்டு வாசல் தெரியும். அந்த ஆசை அவளைப் பிடித்துக்கொண்டது. அடியில் ஒரு குழாயைப் போட்டுவிட்டு மேலே மண்ணை நிரப்பிவிடலாம், தண்ணீர் அது பாட்டுக்குப் போகும் என்றார் மண் காண்ட்ராக்டர். இன்ஜினியரும் தலையாட்டினார். குழாய் போட்ட மறுநாள் தம்பி வந்து குனிந்து பார்த்தான். உள்ளே கையை விட்டுப் பார்த்தான்.

"இது தாங்குமா அக்கா?"

"இன்ஜினியரே போதும்னுட்டாரு."

"படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனான். அவன் சம்மதித்துவிட்டதாகவே அவள் எடுத்துக்கொண்டாள்.

ஒரு மழைக்காலம் போகட்டும், மண் நன்றாக இறுகிய பிறகு கடைக்கால் தோண்டலாம் என்று வேலையை நிறுத்தினார்கள். அவள் டவுனில் வாடகை அறை ஒன்றில் இருந்தாள். கீழ்வயலில் கதிர் பால் பிடித்திருந்த நேரம். மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் விடிகாலை பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கினாள். புது மேட்டிலிருந்து சரிந்த மண் குழாயின் வாயை அடைத்திருந்தது. போக வழியில்லாத தண்ணீர், அவள் கொட்டிய செம்மண்ணையும் கரைத்துக்கொண்டு தம்பியின் பயிர்மேல் இறங்கியிருந்தது. கதிர் எங்கே, வரப்பு எங்கே என்று தெரியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று அவன் மண்வெட்டியால் குழாய் வாயைத் துழாவிக்கொண்டிருந்தான்.

புடவையோடு அவளும் இறங்கினாள். பொக்லைன்காரனுக்குப் போன் செய்கிறேன் என்றாள்.

"இனிமே எதுக்கு" என்றான். மண்வெட்டியை மேட்டில் சாய்த்து வைத்துவிட்டு, "நான் அந்த மூலை ஒண்ணத்தானே கேட்டேன்" என்றான்.

அவன் குரலை உயர்த்தவில்லை. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, வார்டுக்கு வெளியே உறவினர்கள் பேசும் குரல் அது. அந்தக் குரலுக்கு முன்னால் எப்படி நிற்பது என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ பேர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தம்பியின் கையைப் பிடிக்க மட்டும் முடியவில்லை.

தண்ணீர் வடிந்தபோது கீழ்வயல் முழுக்கச் செம்மண் ஒரு சாண் உயரத்துக்குப் படிந்திருந்தது. வாரி எடுத்துத் தருகிறேன் என்று அவள் ஆள் விட்டாள். அந்த மண்ணை வாரினால் கூடவே வயலின் சேறும் போய்விடும் என்று திருப்பி அனுப்பிவிட்டான். அவள் நேரில் போனபோது தம்பி மனைவி கதவருகில் நின்று, "அவரு யார்கிட்டயும் பேசறதில்ல அண்ணி" என்று மட்டும் சொன்னாள். இரண்டு மாதத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகள் இருக்கும் நகரத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவன் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தான்.

சிஸ்டர் அந்த மூலையைத் திரும்பவும் தோண்ட வைத்தாள். நிரப்பிய மண்ணையெல்லாம் அள்ளி, இரு பக்கமும் கல் கட்டி, ஆள் இறங்கி நடக்கும் அகலத்துக்கு வாய்க்கால் எடுத்தாள். படுக்கையறையைப் பிளானிலிருந்து அடித்துவிட்டாள். அடுத்த மழையில் குடையோடு போய் நின்று பார்த்தாள். ஒரு சொட்டுக்கூடக் கீழே இறங்காமல் தண்ணீர் நேராக ஓடையில் போய் விழுந்தது. கீழ்வயலில் ஆளுயரத்துக்குப் புல் மண்டிக் கிடந்தது.

வாய்க்கால் எடுத்ததைச் சொல்லத்தான் நகரத்துக்குப் போனாள். கேட் அருகில் நீலச் சட்டையில் உட்கார்ந்திருந்தவன் அவளைக் கண்டதும் எழுந்தான்.

"வாங்க" என்றான்.

பிறந்ததிலிருந்து அவளை நீ என்று கூப்பிட்டவன். தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க. பஸ்ல இடம் கிடைச்சுதா?" என்று கேட்டான். கிடைத்தது என்றாள். அத்தனை தூரம் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வந்ததில் பாதியை விட்டுவிட்டாள். ஒருவாறு வாய்க்காலைப் பற்றிச் சொல்லி முடித்தாள்.

"நல்லது செஞ்சீங்க."

"வந்துடுடா. தண்ணி இப்ப நேரா போகுது. நானே நின்னு பார்த்தேன்."

"இங்க பழகிடுச்சு" என்றான். அதற்குள் ஒரு கார் ஹாரன் அடித்தது. கேட்டைத் திறந்துவிட்டு, கார் நம்பரை நோட்டில் எழுதிவிட்டு வந்தான். வந்தவன் தள்ளியே நின்றான். டீ வாங்கிவரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று அவள் எழுந்துகொண்டாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்து, ஜன்னல் ஓர சீட்டாகப் பார்த்து உட்கார வைத்துவிட்டு, பஸ் கிளம்புவதற்குள் வேலைக்குத் திரும்பிவிட்டான்.

வீடு கட்டி முடிய இன்னும் எட்டு மாதம் ஆயிற்று. வாசற்கால் நிறுத்துகிற அன்றைக்கு மேஸ்திரி, பிளானில் கதவு கீழ்வயலைப் பார்த்து இருக்கிறதே, அப்படியே வைத்துவிடவா என்று கேட்டார். ரோட்டுப் பக்கம் வைக்கச் சொன்னாள். அந்த வீட்டில்தான் இப்போது இருக்கிறாள். பிரஷர் பார்க்க, ஊசி போட்டுக்கொள்ள என்று அக்கம்பக்கத்திலிருந்து யாராவது வந்துகொண்டிருக்கிறார்கள். சிஸ்டர் என்று வாசலில் குரல் கேட்டால் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்து வருகிறாள்.