முத்துவுக்கு எத்தனை வயது?

இன்று காலை எங்கள் காஜா பேராங் குடியிருப்பில், ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிய என்னைப் பக்கத்து வீட்டு அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன்.

பாயில் அவர் மகன் முத்து, மலேரியாக் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தான். அக்காவின் கையில் அந்தக் காய்ச்சலுக்கான இரண்டு கொய்னா மாத்திரைகள். ஜப்பான்காரன் வந்த பிறகு அவை கண்ணில் படுவதே அபூர்வம். தோட்டை விற்றுக் கறுப்புச் சந்தையில் வாங்கியிருக்கிறார்.

"ரெண்டையும் கொடுத்துறவா, மிசி?"

"ஐயோ, அது பெரியவங்களுக்கு உள்ள அளவு, அக்கா! புள்ளைக்கு என்ன வயசு?"

"ஆறு."

மிசி என்று கூப்பிட்டாலும் நான் இன்னும் பயிற்சித் தாதிதான். வயதோடு பன்னிரண்டைக் கூட்டி, அந்தத் தொகையால் வயதை வகுத்தால், பெரியவர் அளவில் பிள்ளையின் பங்கு வரும். ஆறு வயதுக்கு மூன்றில் ஒன்று. கணக்கு சரிதான். ஆனால் அந்தச் சின்ன மணிக்கட்டைப் பிடித்ததும் மனம் ஒப்பவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

"நெசமா ஆறா, அக்கா?"

வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நாலுதான். ரேஷன் அரிசி கூடக் கிடைக்கும்னு எல்லார்கிட்டயும் ஆறுன்னு சொல்லிட்டோம்."

நான்கு வயதுக்கு இரண்டு மாத்திரையில் கால் பங்கு. அரை மாத்திரையைப் பொடித்துச் சர்க்கரையில் குழைத்துக் கொடுத்தேன்.

வார்டில் பகல் முழுக்க நிலைகொள்ளவில்லை. கணக்கை எத்தனை முறை போட்டுப் பார்த்தேனோ! சாயங்காலம் ஓடி வந்தால், முத்து வேர்த்து, எழுந்து உட்கார்ந்து, மரவள்ளிக்கிழங்கு வேண்டாம், சோறுதான் வேண்டும் என்று அழுதுகொண்டிருந்தான்.

உங்கள் தெருவில் எத்தனை பிள்ளைகளுக்கு அரிசிக்காக வயது ஏறியிருக்கிறது? யாரிடமும் சொல்ல வேண்டாம். மருந்து கொடுக்கிறவள் காதில் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.