வாசலில் இரண்டு சைக்கிள்

இத்தாலியில், கபோ சந்தைக்குப் பின்னாலுள்ள எங்கள் வீட்டு வாசலில் இரண்டு சைக்கிள்கள் பிரேக் கிறீச்சிட நின்றன. மகளுக்கு ப்ரிஸ்பீ என்கிற தட்டெறி விளையாட்டைப் பழக்குகிற இத்தாலியப் பையனும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தட்டு எறியப் பழக்க, விளையாடி அனுபவமுள்ளவர்கள் வேண்டுமாம். சனிக்கிழமைகளில் மகளை அனுப்பட்டாம். சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

வன்னியில் எங்கள் படலையிலும் இப்படித்தான் இரண்டு சைக்கிள்கள் கிறீச்சிட்டு நின்றன. சண்டைக்கு ஆள் சேர்க்கிற காலம். வந்த அண்ணாமார் தேத்தண்ணி குடித்தார்கள், பனங்கட்டியைக் கடித்தார்கள், முற்றத்து மாமரத்தைப் புகழ்ந்தார்கள். பிறகு என்னைக் காட்டி, பள்ளிக்கூடத்தில் நன்றாக ஓடுகிற பிள்ளை இதுவா என்று கேட்டார்கள்.

“பிள்ளைக்குக் கால் ஏலாது தம்பி,” என்றார் அப்பா.

என் ஓட்டச் சப்பாத்தை அன்றே அடுப்பில் போட்டார். றப்பர் எரிந்த மணம் வீடு முழுக்க நின்றது. அதன்பிறகு நான் நொண்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன்.

இப்போது பையன் என் பதிலுக்காக நின்றான். மகள் அன்றைய பயிற்சிக்குப் போகச் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். என் வாய் முந்திக்கொண்டது.

“பிள்ளைக்குக் கால் ஏலாது தம்பி.”

தமிழ் விளங்காத பையன் மகளைப் பார்த்தான்.

“அம்மா ஓம் எண்டு சொல்லுறா,” என்று அவனுக்கு இத்தாலிய மொழியில் சொல்லிவிட்டு அவள் எழுந்து அவர்களோடு ஓடினாள்.

சைக்கிள்கள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று தெருவில் இறங்கி நின்று பார்த்தேன்.