ஓவர்டிரைவும் மைக்செட் அண்ணனும்

கிட்டாருக்கு எந்த ஓவர்டிரைவ் பெடல் வாங்கலாம் என்று இதே பக்கத்தில் உங்களை மாதக்கணக்கில் அறுத்தேன் அல்லவா? இன்று இனயம் மாதா கோயில் திருவிழாக் கச்சேரியில் அதை முதன்முதலாக மிதித்தேன்.

ஆசைப்பட்ட அதே கரகரப்பு வந்தது. மறுநொடி கிட்டார் சத்தமே இல்லை. என் தனி வாசிப்பு முழுவதும் ஊமைப்படமாக ஓடியது.

மேடையை விட்டு இறங்கியதும் மைக்செட் அண்ணன் தோளில் தட்டினார்.

"பயப்படாத மக்கா. ஸ்பீக்கர் கீறிப்போச்சுன்னு நெனச்சு ஒனக்க லைன உடனே கொறச்சுட்டேன். யாருக்கும் தெரியல்ல."

"அண்ணா, அந்தக் கரகரப்புக்குத்தான் பெடலே!"

"காசு குடுத்தா வாங்குன?"

வீட்டில் அம்மா சொன்னாள்: "இன்னைக்குத்தாம்லே ஒனக்க வாசிப்பு காதுக்கு எதமா இருந்துது."

கிட்டாரை அழவைக்கும் வா-வா பெடல் ஒன்று, பிரிக்காத பெட்டியோடு என்னிடம் இருக்கிறது. அழுவதற்கு இனி நானே போதும். யாருக்காவது வேண்டுமா?