செங்கல்வராயனின் சர்வீஸ்

1974-இல் செங்கல்பட்டு தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்த செங்கல்வராயனை மாலை ஐந்தரைக்கு மேல் பார்க்க வேண்டுமென்றால் பூப்பந்து மைதானத்துக்குத்தான் போகவேண்டும். வயது முப்பத்தொன்று. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஆடுவார்.

நான்கு வருடமாக அவருடைய ஆட்டம் ஓர் அடி முன்னே போகவில்லை. பொங்கலையொட்டி மதுராந்தகத்தில் நடக்கும் போட்டியில், வருடா வருடம் செங்கல்பட்டு அணியினர் உள்ளூர் அணியிடம் தோற்றுத் திரும்புவார்கள். அந்த அணியில் இரும்புக்கடை அப்துல் மாலிக் என்று ஒருவர். செங்கல்வராயன் சர்வீஸை எங்கே போட்டாலும், மாலிக் முன்னாடியே அங்கே போய் நின்றிருப்பார்.

மட்டைக்கு நரம்பு மாற்றிப் பார்த்தார். விடியற்காலையில் கொளவாய் ஏரிக்கரையில் ஓடிப் பார்த்தார். பலனில்லை. வெட்கத்தை விட்டு மாலிக்கிடமே கேட்டார்.

"எப்டி மாலிக் தெரிஞ்சிக்கிற?"

"நல்லா கேட்ட அண்ணாத்த! சொல்லிட்டா நான் எப்டி ஜெயிக்கிறது?"

அதோடு அவருக்குத் தூக்கம் போயிற்று. தோற்றதைவிட, காரணம் தெரியாததுதான் அரித்தது.

சித்திரையில் மனைவி சம்பூர்ணத்தின் தாய்வீட்டுக்கு, கடப்பாக்கத்துக்குப் போனார்கள். கடற்கரை ஈரமண்ணில் கோடு கிழித்து, தனியாக சர்வீஸ் போட்டுக்கொண்டிருந்தார். பந்தை எடுத்துக்கொண்டு திரும்பியபோது, முதல் சில சர்வீஸ்களைப் பார்த்திருந்த சம்பூர்ணம், இந்தமுறை கோட்டருகே தரையைப் பார்த்துக் குனிந்து நின்றிருந்தாள்.

"இப்ப ஓரத்துக்கா போட்டீங்க?"

"ஆமா. நீதான் பாக்கவே இல்லியே?"

"கால் தடம் சொல்லுது. ஓரத்துக்குப் போட்டா கட்டவெரலு வெளிய திரும்பிகினு கீது. நடுவுல போட்டா நேரா கீது. இதோ பாருங்க, பக்கத்துலயே ரெண்டும்."

அவர் மண்டியிட்டுப் பார்த்தார். இத்தனை வருடமாகத் தன் கால் செய்துகொண்டிருந்த வேலை அவருக்கே தெரியாது.

தெரிந்ததும் ஆட்டம் கெட்டது. காலை நினைத்தால் கை பிசகியது. பந்து வலையில் விழுந்தது. கேப்டன் ராமானுஜம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நாள் வெளிய குந்து. அப்பால பாக்கலாம்" என்றார். மாதக்கணக்கில் ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தார்.

ஆனால் ஞாயிறுதோறும் கணவனும் மனைவியும் கடப்பாக்கம் பஸ் ஏறினார்கள். அவர் இருபது சர்வீஸ் போடுவார். சம்பூர்ணம் கடலைப் பார்த்து நின்றிருந்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பிறகு திரும்பித் தடத்தைப் பார்த்து ஊகம் சொல்வாள். முதலில் இருபதும் சரி. ஆடி மாதம் பதினைந்து. ஐப்பசி மழைக்கு முன், பாதிக்குப் பாதி தப்பு.

"இனிமே எனக்கு ஒன்னும் தெரியல, போங்க" என்றாள். கோபம்போல்தான் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார்.

அந்தப் பொங்கலுக்கு ராமானுஜம் அவரை மறுபடி அணியில் சேர்த்தார். மதுராந்தகத்தில் அவர் போட்ட முதல் சர்வீஸுக்கு மாலிக் ஓரத்துக்கு ஓடினார். பந்து நடுவில் விழுந்தது. மூன்றாவது ஆட்டம் வரை இழுத்து, செங்கல்பட்டு ஜெயித்தது. இறுதிப் போட்டியில் தோற்றார்கள். அது அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

மாலிக் டீ வாங்கிக் கொடுத்தார். செங்கல்வராயன் கட்டைவிரல் கதையை மறைக்காமல் சொன்னார்.

"காலா?" மாலிக் கிளாஸைக் கீழே வைத்தார். "உன் கால நான் பாத்ததே இல்ல அண்ணாத்த. உன் தோளு கொஞ்சம் சாயும். அதத்தான் பாப்பேன். இப்ப அதுவும் சாயல."

விரல் திரும்பினால் தோள் எப்படிச் சாயும்? செங்கல்வராயன் டீக்கடை வாசலிலேயே எழுந்து நின்று, காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாலிக்கும் பக்கத்தில் நின்று தன் காலைத் திருப்பினார்.