அமுதவல்லியின் பத்தாம் வகுப்பு

சாமைக் கஞ்சி கொதி வந்ததும் அமுதவல்லி கேள்வி கேட்பாள். “ஒளிச்சேர்க்கை நடக்க இன்னாலாம் வேணும்?” வீட்டில் பதில் சொல்ல யாரும் இல்லை. சற்று நேரம் விட்டு, “தண்ணி, வெயிலு, காத்து, பச்சையம்” என்று தானே சொல்லிவிட்டுக் கஞ்சியைக் கிளறுவாள். ஒன்று விட்டுப்போனால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். மகளுக்கு வைத்திருந்த சட்டம்தான் அவளுக்கும்.

கணவன் ராஜ்குமார் குடகில் காப்பித் தோட்டத்தில் இருக்கிறான். மகள் அருணா போளூரில் விடுதியில் தங்கி பிளஸ் ஒன் படிக்கிறாள்.

அவள் அங்கே போய்ச் சேர்ந்ததே பெரிய கதை. பத்தாவது காலாண்டுத் தேர்வில் கணக்கில் தேறவில்லை. பையைச் சுவரோரம் எறிந்துவிட்டு, “மண்டையில ஏறலம்மா. நான் திருப்பூரு பனியன் கம்பெனிக்குப் போறேன்” என்றாள். அமுதவல்லியும் அதே பத்தாவதில், அதே கணக்கில் தவறி நின்றவள்தான். அவள் திட்டவில்லை. “எனக்கும்தான் ஒண்ணும் தெரியாது. வா, ரெண்டு பேரும் தெரியாமயே உக்காரலாம்” என்று பாயை விரித்தாள்.

கூட்டினால் ஏழு, பெருக்கினால் பன்னிரண்டு வரும் இரண்டு எண்கள் எவை என்று புத்தகம் கேட்டது. அமுதவல்லி பன்னிரண்டு புளியங்கொட்டைகளைத் தரையில் போட்டு வரிசை மாற்றி மாற்றி அடுக்கினாள். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு என்று அடுக்கியபோது, “மூணும் நாலும் ஏழு” என்று அருணா மெதுவாகச் சொன்னாள். பிறகு ஜமுனாமரத்தூர் சந்தைக்குக் காய் வாங்க வந்த கணக்கு டீச்சரை மறித்து, “இந்த ஸ்டெப்பு எப்டி வந்துதுங்க மேடம்?” என்று கேட்கும் அளவுக்கு அமுதவல்லி துணிந்தாள். அறிவியலையும் அப்படியே சேர்ந்து படித்தார்கள். அந்த ஆண்டு அருணா தேறினாள்.

தேறியவள் போய்விட்டாள். கற்றது இவளிடம் தங்கிவிட்டது. புளியில் கொட்டை எடுக்கும் பெண்களிடம் ஒருநாள், “வேருக்குள்ள தண்ணி எப்டிப் போவுது தெரியுமா?” என்று ஆரம்பித்தாள். “மழ பேஞ்சா போவுது, வேற இன்னா?” என்றாள் பக்கத்து வீட்டு புவனா. எல்லாரும் சிரித்தார்கள். அமுதவல்லியும் சிரித்தாள். அதன் பிறகு அங்கே அவள் பாடம் எதையும் எடுப்பதில்லை.

அருணா போன் செய்தால் முதல் கேள்வி, “இன்னிக்கு இன்னா பாடம்?”

“பிசிக்ஸும்மா. உனக்குப் புரியாது. நீ சாப்ட்டியா?” அன்பாகத்தான் கேட்பாள். சாப்பிட்டேன் என்றதும் பேச்சு முடிந்துவிடும்.

அரையாண்டு விடுமுறைக்கு அருணா வந்தாள். அமுதவல்லி அன்று கூலிக்குப் போகவில்லை. வாசல் வெயிலில் பாய் போட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எங்கனா புரியாம நிக்குதா? கேளு.”

“வீடியோலயே எல்லாம் சொல்றாங்கம்மா. நீ வேலையப் பாரு” என்றபடி அருணா காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள். சின்னத் திரையில் யாரோ பலகையில் எழுதி வாயசைத்தார். அமுதவல்லிக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் எழுந்து போகவும் இல்லை. ஓரிடத்தில் அருணா புரிந்ததுபோல் தலையாட்டினாள். அதைப் பார்த்து அமுதவல்லியும் தலையாட்டினாள்.