பள்ளி வேன் போனதும் விடும் தலைவலி

என் தலைவலிக்குப் பள்ளி வேன் வரும் நேரம் நன்றாகத் தெரியும் என்பார் அம்மா. பொய்யில்லை. தொடக்கப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது, கண் விழித்ததுமே தலை வலிக்கும். எழுந்து உட்கார்ந்தால் வாந்தி வரும். வேன் போய் வெயில் ஏறியதும் வலி மெல்ல விட்டுவிடும். பத்து மணிக்குக் கார்ட்டூன் பார்த்துச் சிரிக்கும் பிள்ளையை யார்தான் நம்புவார்கள்? எனக்காகத் தொழிற்சாலைக்கு லீவு போட்ட அம்மா, "நல்லா நடிக்கிற லா நீ" என்றார். இரண்டு முறை அடியும் கிடைத்தது.

பிறகு பள்ளி விடுமுறை வந்தது. வேனும் இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை. முதல் நாள் காலையிலேயே வாந்தி எடுத்தேன். அம்மா வாளியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தார். திட்டவில்லை. அது எனக்குத் திட்டைவிடப் பயமாக இருந்தது. அன்றே தண்ணீர் தம்ளரை மேசையில் வைப்பதாக நினைத்துத் தரையில் போட்டேன். லோரி ஓட்டும் அப்பா, "எல்லாம் அந்த ஹேண்ட்போன்தான். கண்ணு கெட்டுப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்லி, பாச்சாங் பகுதியில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எங்களை அழைத்துப் போனார்.

எனக்கோ கொண்டாட்டம். பரிசோதனைக்கு முன்பே ஒரு சிவப்புப் பிரேமை எடுத்து மாட்டிக்கொண்டேன். கடையிலிருந்த அக்கா அதைக் கழற்றிவிட்டு, என் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிரேமை அலமாரியில் வைத்துவிட்டு, மருத்துவமனைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

"அண்ணே, இது பவர் பிரச்சினை இல்ல. கண்ணுக்குப் பின்னால நரம்பு வீங்கியிருக்கு. தலைக்குள்ள அழுத்தம் கூடினா இப்படி ஆகும். காலையில வாந்தி எடுக்குதா?"

"ரெண்டு மாசமா எடுக்குதும்மா" என்றார் அம்மா.

"இப்பவே ஹாஸ்பிடல் போங்க. நாளைக்குன்னு வெக்காதீங்க."

எத்தனை பெரிய லோரியையும் அலட்சியமாகத் திருப்பும் அப்பா, அன்று கார்க் கதவில் வீட்டுச் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். அம்மா என்னோடு பின்சீட்டில் ஏறி என்னைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். தலைக்குள் கட்டி இருந்ததும், அதை எடுத்ததும், நான் பிழைத்து இதை எழுதுவதும் பிறகு நடந்தவை. அந்த நேரத்தில் எனக்கிருந்த ஒரே துக்கம் சிவப்புப் பிரேம் கிடைக்காமல் போனதுதான்.

"அம்மா மேல கோவமா பாப்பா?" என்று கேட்டார். அழுதுகொண்டிருந்தார்.

கண்ணாடி வாங்கித் தராததற்குத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. "பரவால்லம்மா, அடுத்த வாரம் வாங்கிக்கலாம்" என்று அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டேன்.

அம்மா இன்னும் அதிகமாக அழுதார். அந்தப் பிரேம் அவ்வளவு விலையோ என்று நினைத்துக்கொண்டேன்.